நில அதிர்வலை

2025 மார்ச் 28 அன்று பர்மாவின் சகாயிங் நிலப்பிளவில் 7.7 அளவு நிலநடுக்கம் வந்தபின், பர்மாவில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பூகம்பம் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளியில் பழகிய 'ஙல்யின்' என்ற பர்மியச் சொல்லே அவர்கள் வாயில் முதலில் வரும். ஆனால் மாந்தளைக்கு (மாண்டலே) பக்கத்தில் பிளந்த நிலம், ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாங்காக்கில் கட்டிக்கொண்டிருந்த கட்டடத்தை எப்படிச் சாய்த்தது? இதை விளக்கத்தான் 'சீஸ்மிக் அலை', அதாவது நிலத்தின் வழியே பரவும் அதிர்வு, என்ற கருத்தும் அதற்கொரு தமிழ்ச் சொல்லும் ஆசிரியருக்கு வேண்டும்.

'சீஸ்மோஸ்' கிரேக்கச் சொல். குலுக்கம் என்று பொருள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ராபர்ட் மாலெட் என்ற அயர்லாந்துப் பொறியாளர் இதிலிருந்து நிலநடுக்க அறிவியலுக்குப் பெயர் அமைத்தார்.

பூகம்பம் வடசொல்: பூ நிலம், கம்பம் நடுக்கம். தூணைக் கம்பம் என்று அறிந்த பிள்ளை இங்கே தடுமாறலாம். இந்தக் கம்பம் வேறு. நிகழ்ச்சிக்கு நிலநடுக்கம் என்பதே நல்ல தமிழ். அலைக்கு மட்டும் 'நிலநடுக்க அலை' என்பதைவிட 'நில அதிர்வலை' பொருத்தம் என்பேன். பாறைக்கு வெடி வைத்தாலும் இதே அலை கிளம்பும். நடுக்கமே உணராத ஊரிலும் கருவி அதைப் பதிவு செய்யும்.

அப்புறம், வகைகள். 1897 அசாம் நிலநடுக்கத்தின் பதிவுகளை ஆராய்ந்த ரிச்சர்ட் ஓல்டாம் என்ற நிலவியலாளர், அலைகள் மூன்று விதமாக வருவதைப் பிரித்துக் காட்டினார். முதலில் வருவது பி அலை, அதாவது முதன்மை அலை. பாறையை முன்னும் பின்னும் நெருக்கித் தளர்த்திக்கொண்டு போவதால் நெட்டலை. அடுத்தது எஸ் அலை, இரண்டாம் அலை. பாறையைப் பக்கவாட்டில் அசைக்கும் குறுக்கலை இது, திரவத்துக்குள் போகாது. கடைசியாக மேற்பரப்பு அலை. பாங்காக்கின் மென்களிமண் பெரிதாக்கியது, மெதுவாக ஆட்டும் இந்த மாதிரி அலைகளைத்தான்.

பெயர்களை மனப்பாடம் செய்யவைப்பதோடு நிறுத்தினால் பாடம் வீணாகிவிடும். கணக்கையும் கொடுங்கள். நிலநடுக்கம் சில நூறு கிலோமீட்டருக்குள் என்றால், பதிவு நிலையத்துக்குப் பி அலையும் எஸ் அலையும் வந்ததற்கு இடைப்பட்ட நொடிகளை 8ஆல் பெருக்கினால் அதன் தூரம் கிலோமீட்டரில் தோராயமாகக் கிடைக்கும். 20 நொடி என்றால் 160 கிலோமீட்டர். மூன்று நிலையங்களின் தூரத்தைக் கொடுத்து, ஒவ்வொரு நிலையத்தையும் மையமாக வைத்து அந்தத் தூரத்துக்குக் கவராயத்தால் பர்மா வரைபடத்தில் வட்டம் போடச் சொல்லுங்கள். மூன்று வட்டங்களும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் வெளிமையம், அதாவது நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு நேர் மேலே தரையில் இருக்கும் புள்ளி.