உள்குத்தகைக்காரனுக்கு என்ன பெயர்?

பவானிசாகர் பக்கம் மாமா ஒருவர் பண்ணைக்குட்டையில் மீன் வளர்க்கிறார். போன மார்கழியில் போன் போட்டு, "மீன் மேல ரவையத் தூவுன மாதிரி இருக்குது, என்னன்னு பாருங்க மாப்பிள்ளை" என்றார். வெள்ளைப்புள்ளி நோய்.

காரணம் இக்தியோப்திரியஸ் மல்டிஃபிலியிஸ். முதல் சொல் கிரேக்கத்தில் 'மீன் பேன்'. அடுத்தது இலத்தீனில் 'பல பிள்ளை உடையது'. பேன் என்றாலும் பூச்சி அல்ல, ஒரே ஒரு செல். மீனின் தோலுக்கடியில் தின்று வளரும், பிறகு உதிர்ந்து கூடு கட்டி நூற்றுக்கணக்கில் பிரியும். இதை ஒட்டுண்ணி என்கிறோம். மாட்டுக்கு உண்ணி பிடுங்கியவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை.

இந்தச் செல்லுக்குள்ளும் பாக்டீரியாக்கள் குடியிருப்பது 2009-இல் வெளிவந்த ஆய்வில் தெரிந்தது. அவற்றில் ஒரு வகை, பிற உயிர்களின் செல்லுக்குள்ளேயே வாழும் ரிக்கெட்சியா என்ற பாக்டீரியாவுக்குச் சொந்தக்காரன். மாமாவிடம் சொன்னேன். "அப்ப உள்குத்தகைங்களா?" என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஆங்கிலத்தில் இப்படிக் குடியிருப்பது எண்டோசிம்பயாண்ட். எண்டோன் உள்ளே, சின் சேர்ந்து, பயோஸ் வாழ்வு, மூன்றும் கிரேக்கம். வேறுவேறு உயிர்கள் சேர்ந்து வாழ்வதே சிம்பயோசிஸ் என்று 1879-இல் வரையறுத்தவர் ஜெர்மானியரான அன்டோன் டி பாரி. அதில் லாபநட்டப் பேச்சே இல்லை. ஒட்டுண்ணி வாழ்வையும் அவர் அதற்குள்தான் அடக்கினார்.

தமிழில் அகக்கூட்டுயிரி என்று எழுதலாம். எனக்கு இடறுவது 'கூட்டு'. எங்கள் ஊரில் கூட்டுக் கிணறு என்றால் பங்காளிகள் எல்லோருக்கும் முறைத்தண்ணீர் உண்டு. கடலை வேர் முடிச்சிலுள்ள ரைசோபியம் பாக்டீரியாவுக்குக் கூட்டுயிரி என்ற பெயர் அப்படியே பொருந்தும்: அது தழைச்சத்து தருகிறது, செடி உணவு தருகிறது. மீன் பேனுக்குள் இருப்பதற்கும் அதே பெயரை வைத்தால், பார்க்காத கணக்கில் லாபம் எழுதியது போலாகும்.

அதனால் என் ஓட்டு 'உள்ளுறை உயிரி'க்கு. உறைதல் என்றால் தங்குதல், அவ்வளவுதான். உள்ளுறை உவமம் தொல்காப்பியத்திலேயே இருப்பதால் காதுக்கும் புதிதல்ல. (உறைமோரிலும் பாக்டீரியா உண்டு, ஆனால் அந்த உறை வேறு.)

சரி, நேராக 'உள்ளுறை பாக்டீரியா' என்றால் போதாதா? போதாது. கடலில் வளர்க்கும் சால்மன் மீனின் செவுளைக் கெடுக்கும் அமீபா ஒன்று உண்டு. அதற்குள் குடியிருக்கும் பெர்கின்செலா என்பது பாக்டீரியாவே அல்ல. தூக்க நோய் தரும் டிரிப்பனோசோம் என்ற ஒருசெல் ஒட்டுண்ணிக்குத் தூரத்துப் பங்காளி.