பத்து நாள் கழித்து வரும் பயம்

பெங்களூரு மடிவாளாவிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “சில்க் போர்டுல பஸ் உரசி ஸ்கூட்டரோட விழுந்தேன் சார். சிராய்ப்புதான். அன்னிக்கு ராத்திரி நல்லாத்தான் தூங்கினேன். ரெண்டு வாரம் கழிச்சு இப்போ, பின்னாடி யாராவது ஹார்ன் அடிச்சாலே நெஞ்சு படபடங்குது. ஏன்?”

ஒவ்வொரு உணர்ச்சியும் ஒரு சேதி சொல்கிறது. வழியை மறிக்கிறார்கள் என்றால் கோபம், கெட்டுப்போனதைத் தொடாதே என்றால் அருவருப்பு, இழப்புக்குத் துக்கம். தொல்காப்பியம் சொன்ன எட்டு மெய்ப்பாடுகளில் இவையெல்லாம் உண்டு. பயமும் பதற்றமும்தான் நம்மைக் குழப்பும். கண்ணெதிரே நிற்கும் ஆபத்துக்குப் பயம்; வந்துவிடுமோ என்கிற ஆபத்துக்குப் பதற்றம். வாசகிக்கு இருப்பது பதற்றம்.

அது ஏன் தாமதமாக வந்தது? துப்பு நம்ம ஊரிலேயே இருக்கிறது. பெல்லாரி ரோட்டில் உள்ள என்.சி.பி.எஸ். என்கிற உயிரியல் ஆய்வகத்தில் சுமந்த்ர சட்டர்ஜியின் குழு, எலிகளை ஒரே ஒரு முறை, 2 மணி நேரம் அசையவிடாமல் பிடித்து வைத்தது. மறுநாள் மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலா பகுதியைப் பார்த்தால் மாற்றமே இல்லை. 10 நாள் கழித்துப் பார்த்தால், அங்குள்ள நரம்பணுக்களின் கிளைகளில் நுண்ணிய முட்கள் கூடியிருந்தன! ஒவ்வொரு முள்ளும், பக்கத்து அணுவின் சேதியை வாங்கிக்கொள்ளும் ஓர் இடம். முள் கூடினால் அமிக்டலாவுக்கு வந்து சேரும் சேதியும் கூடும். அந்த எலிகளின் பதற்றமும் அதற்குள் ஏறியிருந்தது. 2005-இல் வெளிவந்த முடிவு இது. எலிக்கு நடந்தது அப்படியே மனிதருக்கும் நடக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த அமைதியான பத்து நாளை நினைத்தால் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

முந்தைய ஆண்டு அதே குழு இன்னொன்றும் காட்டியது. எலிகளுக்குத் தொடர் நெருக்கடிக்குப் பிறகு 21 நாள் ஓய்வு கொடுத்தால், நினைவைக் கவனிக்கும் ஹிப்போகேம்பஸில் சுருங்கிய கிளைகள் மீண்டுவிடுகின்றன. அமிக்டலாவில் வளர்ந்த கிளைகள் அப்படியே நிற்கின்றன.

 

பயந்த பிள்ளைக்கு மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிற பாட்டிகள், பயம் உள்ளே தங்கும் என்று கண்டுபிடித்தவரை சரி. தாயத்து முள்ளைக் குறைக்காது. வாசகி சிராய்ப்பு ஆறியதும் கூட ஒருவரை வைத்துக்கொண்டு, நெரிசல் இல்லாத வேளையில் அதே ரோட்டில் ஓட்டிப் பார்க்கலாம். ஒரு மாதம் தாண்டியும் படபடப்பு, கெட்ட கனவு தொடர்ந்தால் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் காட்டுங்கள். அல்லது அரசின் மனநல உதவி எண் 14416-க்குப் போன் போடுங்கள், தமிழிலும் பேசலாம்.