மஞ்சளாகும் பருத்தி, நொறுங்கும் பட்டு

நூறாண்டு பழைய பருத்திச் சட்டையில் படர்ந்திருக்கும் மஞ்சள் வெறும் அழுக்கு அல்ல. அது துணியே சிதைவதன் அடையாளம். பருத்தியும் லினனும் செல்லுலோஸ் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறால் ஆனவை. ஒளியும் ஈரமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அந்தச் சங்கிலியை மெல்ல அறுக்கின்றன. அறுந்த துண்டுகளில் பல அமிலத்தன்மை கொண்டவை. அந்த அமிலம் மிச்சச் சங்கிலியையும் அறுக்கிறது. நல்லவேளையாக, இந்தத் துண்டுகளில் பல தண்ணீரில் கரைபவை. அயனி நீக்கிய நீரில், அதாவது கரைந்த உப்புகளை அகற்றிய நீரில், ஊறவைத்தால் நீர் பழுப்பாக மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். குழாய் நீரில் இரும்பு இருந்தால் அது நூலில் தங்கிச் சிதைவை முடுக்கிவிடும். குளோரின் பிளீச் போடுவது இன்னும் மோசம்: நிறம் வெளுக்கும், சங்கிலியும் அறுபடும்.

பட்டின் கதை வேறு. அது புரதம். இழையின் மேல் இயற்கையாகப் படிந்திருக்கும் பசையை நீக்கும்போது கச்சாப் பட்டு ஏறக்குறைய கால் பங்கு எடையை இழந்துவிடும். எடைக்கு விலைபோகும் சரக்கில் இந்த நட்டத்தை ஈடுகட்ட, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உற்பத்தியாளர்கள் பட்டில் வெள்ளீய உப்புகளை ஏற்றினார்கள். துணி கனத்தது, அழகாகச் சரிந்தது, நன்றாக விற்றது. அந்த உலோக உப்புகளே பின்னர் இழையை நொறுக்கின. அந்தக் காலத்துப் பட்டு கவுன்கள் பெட்டிக்குள் பத்திரமாக இருந்தும் நீளவாக்கில் கீறல் கீறலாகப் பிளப்பது இதனால்தான். எந்தச் சலவையும் அதைத் திருத்தாது; துவைத்தால் கந்தல்தான் மிஞ்சும்.

கறை போக்கும் என்சைம் கலந்த சலவைத்தூளையும் பட்டு, கம்பளியின் அருகே கொண்டுபோகக் கூடாது. இரத்தம், முட்டைக் கறைகளின் புரதத்தை உடைக்கும் என்சைமுக்குக் கறை எது, துணி எது என்று தெரியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு: நனைந்த பருத்தி வலுக்கூடும், பட்டும் கம்பளியும் ரேயானும் வலுக்குறையும். ஈரத்துணியைத் தோளைப் பிடித்துத் தூக்கினால் நீரின் எடையே தையலைப் பிய்த்துவிடும். வலைத்துணியில் கிடத்தித்தான் தூக்க வேண்டும்.

நனைக்கும் முன், மறைவான தையலோரத்தில் ஒரு சொட்டு நீர் விட்டு, வெள்ளை மையொற்றுத் தாளை அழுத்திப் பாருங்கள். தாளில் நிறம் ஏறினால் சலவையை மறந்துவிடலாம். 1920, 30களின் உடைகளில் சம்கி இருந்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவற்றில் சில ஜெலட்டினால் ஆனவை. வெந்நீர் பட்டால் உருகிவிடும். இத்தகைய உடைகளுக்கு, வலைத்துணியை மேலே விரித்து வேக்குவம் கிளீனரைக் குறைந்த விசையில் ஓட்டுவதே போதும். தூசியை நீக்குவது சிறிய வேலை அல்ல. அதன் கூரிய துகள்கள் இழையை அராவுபவை.

துவைக்காமல் எடுத்துவைப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. சிந்திய நாளில் கண்ணுக்கே தெரியாத பழச்சாற்றுத் துளி, அதிலுள்ள சர்க்கரை ஆக்சிஜனேற்றம் அடைந்து, பல ஆண்டுகள் கழித்துப் பழுப்புக் கறையாக எழும். சேமிக்கும் இடத்தைப் பொறுத்தவரை, மரப்பெட்டியிலிருந்து அமில ஆவி கசியும் என்பதால் அமிலமற்ற தாளைச் சுற்றிவைப்பது நல்லது. மடிப்புகளில் அதே தாளைச் சுருட்டிச் செருகினால், கூர்மடிப்பில் இழை முறியாது.