இரண்டு பிளக்கும் ஒரே நிமிடத்தில் கெட்டுப்போவதில்லை

சென்ற வாரம் பாம்பன் வடகடலில் நண்டு வலைக்குப் போன ஃபைபர் படகு ஒன்றை, மறுநாள் காலையில் இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. கச்சான் காற்று ஓங்கியிருந்த இரவில், இன்ஜின் நின்றுபோன படகில் இரண்டு தம்பிகள் விடியும்வரை நங்கூரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருந்தார்கள். பட்டறைக்கு வந்ததும் அவர்கள் முதலில் என் கையில் வைத்தவை, சிலிண்டருக்குள் பொறி அடித்து எண்ணெயைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்குகள் நான்கு. "புது பிளக்கே ரெண்டு தடவ மாத்திட்டோம்ணே, எடுக்கவே மாட்டேங்குது" என்று பெரியவன் சொன்னபோது, அவன் உள்ளங்கை முழுவதும் ஸ்டார்ட்டர் கயிறு அறுத்த கொப்புளங்கள் இருந்தன. நான் மூடியைக் கழற்றி, நிறுத்தும் பொத்தானிலிருந்து வரும் ஒயரின் இணைப்பைப் பிரித்தேன். உள்ளே கடுகளவு பச்சைக் களிம்பு, அதைச் சுற்றி ஈர உப்பு. அந்த ஒயரைத் தனியே விட்டுவிட்டுக் கயிற்றை இழுத்ததும் இரண்டு பிளக்கிலும் நீல நிறத்தில் பொறி அடித்தது. அவர்கள் கடலில் தூக்கியெறிய இருந்த பழைய பிளக்குகளிலும் அப்படியே அடித்தது.

இந்த மாதத்தில் இது எனக்கு மூன்றாவது படகு என்பதால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இரண்டு சிலிண்டர் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்று, இரண்டிலும் கரண்டு இல்லை என்றால், குற்றவாளி பிளக்காக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஒரு பிளக் கெட்டால் இன்ஜின் ஒரு சிலிண்டரில் திணறிக்கொண்டாவது ஓடும். வேகம் குறையும், அதிரும், ஆனாலும் பெரும்பாலும் கரை வந்து சேரலாம். இரண்டும் ஒரே நொடியில் செத்துவிட்டன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஓர் இடத்தில்தான் பழுது இருக்க வேண்டும். நிறுத்தும் சுவிட்ச், எர்த் ஒயர், மேக்னட்டின் கீழே இருந்து கரண்டு உண்டாக்கும் சார்ஜ் காயில், கடைசியாக அந்தக் கரண்டைத் தேக்கிச் சரியான நேரத்தில் பொறிக்கு அனுப்பும் சி.டி.ஐ. யூனிட் என்ற வரிசையில் தேடுங்கள். ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் அந்தச் சிலிண்டரின் பிளக், பிளக்கின் தலையில் மாட்டும் கேப், அதற்குக் கரண்டு தரும் காயில் என்று பாருங்கள். அப்போது சுவிட்ச்சின் மேல் பழி போட வேண்டாம். இவ்வளவு எளிய பிரிவினையைச் செய்யாமல், பல ஆயிரம் ரூபாய்க்குப் புது சி.டி.ஐ. வாங்கி மாட்டி, அதன் பிறகும் எடுக்கவில்லை என்று என்னிடம் வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

நிறுத்தும் சுவிட்ச்சைப் பற்றி ஒரு சொல். நம்முடைய சிறிய இன்ஜின்கள் பெரும்பாலானவற்றில் அந்தப் பொத்தான் கரண்டைத் துண்டிப்பதில்லை. எர்த்தோடு சேர்த்து விடுகிறது. ஆகவே உப்புத் தண்ணீர் அந்த வேலையைத் தானே செய்துவிட்டால், யாரும் பொத்தானை அழுத்தாமலே இன்ஜின் நிற்கும். கடலில் வேறு வழியில்லாமல் அந்த ஒயரைப் பிரித்து ஓட்ட நேர்ந்தால், பொத்தானாலும், ஓட்டுபவர் உடம்போடு மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கயிற்றாலும் இனி இன்ஜினை நிறுத்த முடியாது என்பதை மறக்காதீர்கள். சோக்கை இழுத்தோ எண்ணெயை அடைத்தோதான் நிறுத்த வேண்டும். கரைக்கு வந்த அன்றே சரிசெய்துவிடுங்கள். அவர் விழுந்தால் கழன்று இன்ஜினை நிறுத்த வேண்டிய, அந்தக் கயிற்றின் நுனியிலுள்ள கிளிப் தொலைந்துவிட்டது என்று அதன் இடத்தில் நைலான் நூலைச் சுற்றி நிரந்தரமாகக் கட்டி வைத்திருக்கும் படகுகளைப் பார்த்திருக்கிறேன். சுக்கான் பிடிப்பவர் தவறி விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்து அவர் மேலேயே வரும். மாற்றுக் கிளிப் ஒன்றை எண்ணெய்க் கேனோடு கட்டி வையுங்கள்.

எனக்கு மிகுந்த கோபம் வருவது பிளக்கைச் சோதிக்கும் முறையைப் பார்க்கும்போதுதான். பிளக்கைக் கழற்றி, கேப்போடு அந்தரத்தில் தொங்கவிட்டு, "கரண்டு அடிக்குதா பாரு" என்று கயிற்றை இழுக்கிறார்கள். பிளக்கின் உடம்பு சிலிண்டரின் வெற்று உலோகத்தைத் தொடாமல் இருந்தால், பல்லாயிரம் வோல்ட் கரண்டு போக வழியின்றிக் காயிலின் உறையைத் துளைத்துக்கொண்டோ சி.டி.ஐ.க்குள்ளேயோ பாயும். நல்லதாக இருந்த யூனிட் அப்படிச் சோதித்ததாலேயே கெட்டுப்போன இன்ஜின்கள் என் பட்டறையில் இருக்கின்றன. இரண்டு சிலிண்டராக இருந்தால் இரண்டு பிளக்கையும் எர்த்தில் வையுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். அதுவும் கடல் தண்ணீரில் நனைந்த உடம்போடு வேண்டவே வேண்டாம். பிளக் கழற்றிய துளையிலிருந்து பெட்ரோல் ஆவி வரும், ஆகவே பொறியைத் துளைக்கு எட்டத்தில் வைத்து, சிந்திய எண்ணெயைத் துடைத்து, டேங்கை நகர்த்திய பிறகே இழுங்கள். வெளியே அடிக்கும் பொறியைப் பார்த்து ஏமாறவும் கூடாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் பொறி பாய்வது வெளிக்காற்றில் பாய்வதைவிடக் கடினம். வெளியே மெல்லிய மஞ்சள் கோடாகத் தெரிவது உள்ளே அடிக்காமலே போகலாம்; நீலமாக, 'டக்' என்று கேட்கும்படி அடிக்க வேண்டும்.

பிளக் கேப்பைப் பலரும் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பல மாடல்களில் அது ஒயரின் நுனியில் திருகி மாட்டப்பட்டிருக்கும். திருகிக் கழற்றிப் பார்த்தால் செம்பு இழைகள் கறுத்துப் பொடியாகி இருப்பது தெரியும். நுனியில் அரை சென்டிமீட்டர் வெட்டிவிட்டு மறுபடி திருகினால் போதும். கேப்புக்குள் ரெசிஸ்டர் இருக்கும் மாடல்களில் மல்டிமீட்டர் சுமார் 5 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் கேப்பை மாற்றுங்கள்.

மண்ணெண்ணெயில் ஓடும் இன்ஜின் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். கரையை நெருங்கும்போது பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். மண்ணெண்ணெயிலேயே நிறுத்தினால் கார்பரேட்டரில் அதுவே தங்கி, மறுநாள் குளிர்ந்த இன்ஜினில் பிளக் நனைந்து கறுக்கும். அது கரண்டுப் பழுதே அல்ல. நனைந்த பிளக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள், அதன் துகள் பீங்கானுக்கும் கூட்டுக்கும் இடையில் சிக்கிப் பிறகு சிலிண்டருக்குள் விழும். துடைத்துக் காயவையுங்கள், தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். இடைவெளியை உங்கள் இன்ஜினின் கையேட்டில் பாருங்கள். பல சிறிய இன்ஜின்களுக்கு அது 0.9 முதல் 1.0 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

தீவில் நல்ல தண்ணீருக்கு நாம் படும் பாடு எனக்குத் தெரியும். ஆனாலும் வாரத்தில் ஒரு நாளாவது மூடியைத் திறந்து, ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, காய்ந்த பிறகு இணைப்புகளில் சிறிது கிரீஸ் தடவுங்கள். குழாயை வைத்து மூடிக்குள் பீய்ச்சி அடிக்க வேண்டாம்.

வடகடலில் இலங்கை எல்லை எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974இல் வரைந்த அந்தக் கோட்டை இன்ஜின் நின்ற படகு தானாகவே தாண்டிப் போகும். பொறி வரவில்லையென்றால் கயிற்றை இழுத்தே இரவைக் கழிக்காமல், முதலில் நங்கூரம் போட்டுவிட்டு, கைபேசிக்கு சிக்னல் கிடைக்கும் தூரத்தில் இருந்தால் கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்கோ கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 எண்ணுக்கோ பேசுங்கள். கழற்றிய பிளக்குகளை, எது மேல் சிலிண்டரில் இருந்தது, எது கீழே இருந்தது என்று குறித்து, தூக்கியெறியாமல் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். இன்ஜினுக்குள் என்ன நடந்தது என்பதில் பாதியை அவற்றின் நிறத்தைப் பார்த்தே நான் சொல்லிவிடுவேன்.