இலையின் சொந்த வெளிச்சம்

கள்ளநோட்டைப் பிடிக்கக் கடைக்காரர்கள் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்களே, அந்த ஊதா விளக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒரு மாலை, ஒரு கைப்பிடி பசலைக்கீரையைக் கசக்கி, மருந்துக்கடையில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறப்போட்டு வடிகட்டினேன். (அடுப்புக்கு அருகில் இதைச் செய்யாதீர்கள், ஸ்பிரிட் குப்பென்று பற்றிக்கொள்ளும்.) கண்ணாடித் தம்ளரில் சாறு கரும்பச்சையாக நின்றது. அறை விளக்கை அணைத்துவிட்டு ஊதா ஒளியை அடித்ததும் பச்சை மறைந்து, தம்ளர் ரத்தச் சிவப்பாகக் கனன்றது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சிறுவன், நான் பீட்ரூட்டைக் கலந்து ஏமாற்றுகிறேன் என்றே முடிவுகட்டிவிட்டான்.

இந்தச் சிவப்பை ஸ்காட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1834-இலேயே பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அவர் ஊறவைத்தது லாரல் இலை. விளக்குக்குப் பதிலாகச் சூரியக் கற்றை. சாறு ஒரு நிறத்தை விழுங்கி வேறு நிறத்தை உமிழ்கிறது என்பதை 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் விளக்கி, அந்த வகை ஒளிக்கு ஃப்ளோரசன்ஸ் என்று பெயரும் வைத்தார். நாம் ஒளிர்வு என்றே வைத்துக்கொள்வோம்.

சாறு மட்டும் இப்படிச் செய்வதில்லை. வயலில் நிற்கும் நெல்லும் சோளமும் பட்டப்பகலில் இதே சிவப்பை உமிழ்ந்துகொண்டுதான் இருக்கின்றன. நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். அறுநூறு எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோளுக்கு இப்போது தெரிகிறது. தெரியவைத்த உபாயம் விவசாயக் கல்லூரியில் பிறந்ததன்று. சூரியனையும் நிலாவையும் பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து வந்தது.

முதலில், இலை ஏன் ஒளிர்கிறது? ஓர் ஏரியை நினைத்துக்கொள்ளுங்கள். பச்சையம் உறிஞ்சிய ஒளிதான் ஏரிக்கு வரும் நீர். மதகு வழியாக வயலுக்குப் பாய்வது ஒளிச்சேர்க்கை. வரத்து மிஞ்சினால் கரை உடையாமல் காப்பாற்றக் கலிங்கு இருக்கிறது. இலையில் அது மிகுதி ஆற்றலை வெப்பமாக வெளியேற்றும் ஏற்பாடு. இவை இரண்டையும் தவிர, கரையில் எப்போதும் கொஞ்சம் கசிவு இருக்கும். அந்தக் கசிவுதான் ஒளிர்வு. உறிஞ்சிய ஒளியில் அது நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஸ்பிரிட்டில் கரைத்த பச்சையத்துக்கு மதகும் கிடையாது, கலிங்கும் கிடையாது. அதனால்தான் என் தம்ளர் அப்படிக் கனன்றது.

கசிவு ஏரியின் மட்டத்தைப் பொறுத்தது. மதகைத் திடீரென அடைத்தால் மட்டம் ஏறும், கசிவும் கூடும். டையூரான் என்ற களைக்கொல்லி செய்வது இதைத்தான்: ஒளிச்சேர்க்கையின் எலக்ட்ரான் ஓட்டத்தை அது மறிக்க, இலையின் ஒளிர்வு எகிறுகிறது. நெடுநேரம் இருட்டில் வைத்த இலையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாலும் ஒளிர்வு சட்டென உயர்ந்து, மெல்லத் தணியும். ஜெர்மனியில் ஹான்ஸ் கவுட்ஸ்கி 1931-இல் இதைக் கண்டறிந்தார். இருட்டில் கிடந்த இலையில் மதகைத் திறக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கிறது. வறட்சியின் கதை வேறு. தண்ணீர் இல்லாத பயிர் இலைத்துளைகளை மூடிக்கொள்ள, ஒளிச்சேர்க்கை சுருங்குகிறது. கொளுத்தும் வெயிலில் இலை தன்னைக் காத்துக்கொள்ளக் கலிங்கை அகலத் திறந்துவிடுகிறது. மட்டம் இறங்குகிறது, கசிவும் குறைகிறது. அதாவது ஒளிர்வு கூடினால் நோய், குறைந்தால் நலம் என்று வாய்ப்பாடு எழுதிவிட முடியாது. எதனால் கூடியது, எதனால் குறைந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்குத்தான் அது பேசும்.

இவ்வளவு சிரமம் எதற்கு, பச்சையைப் பார்த்தால் போதாதா? பல பத்தாண்டுகளாக அப்படித்தான் பார்த்தார்கள். செழித்த இலை சிவப்பை விழுங்கிவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் ஏறக்குறைய பாதியைத் திருப்பி அனுப்பிவிடும். இந்த இரண்டின் வேறுபாட்டை வைத்து 1972-இல் ஏவப்பட்ட முதல் லாண்ட்சாட் காலத்திலிருந்து பயிர்ப் பச்சையை அளந்துவருகிறார்கள். ஆனால் பச்சை தாமதமாகச் சொல்லும் சாட்சி. வேலை நின்ற ஆலையின் பெயர்ப்பலகை உடனே கழன்று விழுவதில்லை அல்லவா? இலையும் அப்படித்தான்; ஒளிச்சேர்க்கை படுத்துவிட்ட பிறகும் பல நாள் பச்சையாகவே நிற்கும். மஞ்சள் தெரியும்போது விளைச்சலில் ஒரு பங்கு போயிருக்கும்.

ஒளிர்வை அளப்பதில் ஒரு பெரிய இடைஞ்சல். பகலில் இலையின் மேல் வெயில் அடிக்கிறது. இலை அதை எதிரொளிக்கிறது. அந்த வெள்ளத்தில் ஒளிர்வு இரண்டு மூன்று சதவீதம் தேறினால் அதிகம். அம்மன் கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கி அலறும்போது பக்கத்து வீட்டில் குழந்தை சிணுங்குவது காதில் விழுமா? ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் விழும். சூரியனின் பாட்டுக்கும் அப்படி இடைவெளிகள் உண்டா?

உண்டு, நூற்றுக்கணக்கில். அவற்றை எண்ணி வரைந்தவர் ஜோசப் ஃபிரான்ஹோஃபர், பவேரியாவின் கண்ணாடித் தொழிலாளி. சிறு வயதில் பெற்றோரை இழந்து மியூனிக்கில் ஒரு கண்ணாடிப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். 1801-இல் அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தபோது உயிரோடு மீட்கப்பட்டார். பவேரியாவை ஆண்ட மாக்ஸிமிலியன் யோசஃபின் கண்ணில் பட்டு, கிடைத்த உதவியில் படித்துக்கொண்டார். நல்ல தொலைநோக்கி செய்ய வேண்டுமென்றால், கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் எவ்வளவு வளைக்கிறது என்று துல்லியமாகத் தெரிய வேண்டும். 'சிவப்பு' என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் அளவு நிற்காது. 1814-இல் சூரிய ஒளியை முப்பட்டகத்தால் விரித்துப் பார்த்தவருக்கு அதற்கான அடையாளங்கள் கிடைத்தன: நிறமாலையின் குறுக்கே மெல்லிய கருங்கோடுகள். 570-க்கும் மேற்பட்டவற்றை வரைந்து, முக்கியமானவற்றுக்கு எழுத்துகளால் பெயரிட்டார். அவை ஏன் இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாது. 1826-இல், 39 வயதில் இறந்துபோனார். 1859-இல் ஹைடல்பெர்க்கில் கிர்க்காஃபும் புன்சனும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். சூரியனின் வெளியடுக்கில் உள்ள சோடியம், இரும்பு, கால்சியம் போன்ற தனிமங்கள் தத்தமக்குரிய அலைநீளத்தில் ஒளியைப் பறித்துக்கொள்கின்றன. பறிபோன இடம் கருங்கோடு.

ஃபிரான்ஹோஃபர் வெள்ளிக் கோளின் ஒளியிலும் இதே கோடுகளைப் பார்த்தார். சிரியஸ் விண்மீனில் கோடுகள் வேறாக இருந்தன. வெள்ளியுடையது சூரியனிடம் வாங்கிய இரவல் ஒளி, சிரியஸுடையது சொந்தம். இலைக்கும் இதையே பொருத்திப் பாருங்கள். அது எதிரொளிக்கும் வெயிலில் சூரியனின் கோடுகள் அப்படியே இருக்கும். ஒளிர்வில் இருக்காது; எந்த நிறத்தை விழுங்கினோம் என்பதையே மறந்துவிட்டு, பச்சையம் சிவப்பில் சீராகப் பரவிய ஒளியை உமிழ்கிறது. ஆகவே இலையிலிருந்து வரும் மொத்த ஒளியில் கருங்கோடுகள் கொஞ்சம் தூர்ந்துபோயிருக்கும். எவ்வளவு தூர்ந்திருக்கிறது என்று அளந்தால் ஒளிர்வு கைக்கு வந்துவிடும்.

கணக்கு எளியது. கோட்டுக்கு வெளியே இலை எதிரொளிக்கும் ஒளி 100, கோட்டுக்குள் 20 என்று வைத்துக்கொள்வோம். நேர்ச் சூரிய ஒளியில் இந்த விகிதம் ஐந்தில் ஒன்று என்று நமக்கு முன்பே தெரியும். இலை தன் பங்குக்கு இரண்டிடத்திலும் 2 சேர்க்கிறது. கருவிக்குக் கிடைப்பது 102, 22. இரண்டிலிருந்தும் எதைக் கழித்தால் மறுபடி ஐந்தில் ஒன்று வரும்? 2. பள்ளிக்கூடத்து இயற்கணிதம்தான். ஆனால் கோடுகள் மயிரிழை போன்றவை. அந்தப் பள்ளத்துக்குள் எட்டிப்பார்க்கும் அளவுக்கு நிறத்தைக் கூறுபோடும் கருவி வேண்டும். அதற்குத்தான் இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

இந்த உபாயம் முதலில் பயன்பட்டது இலைக்கு அன்று, நிலாவுக்கு. நிலாப் பாறைகள் சூரியனின் தாக்குதலால் தாமே ஒளிர்கின்றனவா என்ற ஐயம் இருந்தது. 1950-களில் சோவியத் வானியலாளர் நிக்கோலாய் கோசிரெவ் நிலவொளியின் கோடுகள் தூர்ந்திருக்கின்றனவா என்று தேடினார். அதே கேள்வியோடு கிளம்பிய கிரெய்ஞ்சரும் ரிங்கும் 1962-இல் எதிர்பாராத ஒன்றைச் சந்தித்தார்கள்: பகல் வானத்தின் ஒளியிலேயே கோடுகள் ஆழம் குறைந்திருந்தன. காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கும்போது அதன் நிறத்தைச் சற்றே மாற்றிவிடுகின்றன. பக்கத்து நிறத்து ஒளி கோட்டுக்குள் வந்து விழுகிறது. 1928-இல் சி. வி. ராமன் கண்டுபிடித்த அதே சிதறல்தான். திருச்சியில் பிறந்தவரின் விளைவு, இலையைத் தேடுபவர்களுக்கும் ஒரு தொல்லை. நல்லவேளை, நீலத்தில் வலுவான அது சிவப்புக்கு வரும்போது வெகுவாக மெலிந்துவிடுகிறது.

செயற்கைக்கோளுக்கு வந்ததோ ஏறக்குறைய தற்செயல். 2009 ஜனவரியில் ஜப்பான் ஏவிய கோசாட்டின் வேலை கரியமில வாயுவை அளப்பது. ஒளி எவ்வளவு காற்றைக் கடந்து வந்தது என்று தெரிந்தால்தான் அந்த அளவு சரியாகும். அதற்காக 760 நானோமீட்டர் அருகே ஆக்சிஜனின் தடத்தைப் பார்க்கும் கூர்மையான நிறமாலைமானி அதில் இருந்தது. அந்தச் சாளரத்தின் ஓரங்களில் சூரியனின் சொந்தக் கோடுகளும் விழுந்தன, இலையின் ஒளிர்வும் விழுந்தது. 2011-இல் நாசாவின் ஜோவானா ஜாய்னர் குழுவும் கிறிஸ்டியன் ஃபிராங்கன்பெர்க் குழுவும் தனித்தனியே உலக ஒளிர்வு வரைபடங்களை வெளியிட்டன. ஜாய்னர் குழு எட்டிப்பார்த்தது 770 நானோமீட்டரில் உள்ள பொட்டாசியக் கோட்டுக்குள். வயலுக்குப் பொட்டாஷ் என்று மூட்டையில் வாங்கிப் போடுகிறோமே, அதே தனிமம். சூரியனில் அது பறித்துக்கொண்ட ஒளியின் பள்ளத்தில்தான் பயிரின் வெளிச்சம் முதன்முதலாக உலகளவில் வானிலிருந்து தெரிந்தது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

அதன்பின் செய்திகள் வேகமாக வந்தன. 2014-இல் லூயிஸ் குவாண்டர் குழு காட்டிய ஒன்று பலரை வியக்கவைத்தது: ஜூலை மாதத்தில் அமெரிக்க மக்காச்சோள வட்டாரம், அமேசான் காட்டில் காணப்படுவதைவிட 40 சதவீதம் கூடுதலாக ஒளிர்கிறது. ஆண்டுக் கணக்கில் அமேசானே பெரிது என்றாலும், சில வாரங்களுக்கு உலகின் மிகச் சுறுசுறுப்பான பச்சை அயோவாவின் சோளக் கொல்லைகளில் இருக்கிறது.

நோயையும் பிடிக்க முடிகிறது, ஆனால் இன்னும் தாழப் பறந்து. இத்தாலியின் புலியாவில் 2013-இல் கண்டறியப்பட்ட ஸைலெல்லா என்ற பாக்டீரியா ஆலிவ் மரங்களின் நீர்க்குழாய்களை அடைத்து லட்சக்கணக்கில் கொன்றுவருகிறது. நூற்றாண்டுகள் கண்ட மரங்கள். பாப்லோ சார்க்கோ-டெகாடா குழு விமானத்தில் நிறமாலைக் கேமராவும் வெப்பக் கேமராவும் பொருத்தித் தோப்புகளின் மேல் பறந்தது. ஒளிர்வு, நிறமிகள், இலைவெப்பம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது, கண்ணுக்கு அறிகுறி தெரியுமுன்பே நோயுற்ற மரங்களை 80 சதவீதத்துக்கும் மேலான துல்லியத்தில் பிரிக்க முடிந்தது என்று 2018-இல் அறிவித்தார்கள். ஒளிர்வு தனியாக இதைச் சாதிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

சூரியனைப் பார்த்து விளைச்சலைச் சொல்லும் ஆசை பழையது. அகச்சிவப்பைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், 1801-இல் சூரியப் புள்ளிகள் குறைந்த காலங்களில் கோதுமை விலை ஏறியதாக லண்டன் ராயல் சொசைட்டியில் வாதிட்டுக் கேலிக்கு ஆளானார். தாது வருடப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கிய பிறகு, பருவமழைக்கும் சூரியப் புள்ளிகளுக்கும் தொடர்பு இருக்கும் என்ற நம்பிக்கை அதிகாரிகளிடையே வலுத்தது. 1899-இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைய அதுவும் ஒரு காரணம். நம்பத்தக்க மழைக் கணிப்பு எதுவும் புள்ளிகளிலிருந்து வரவில்லை. ஆனால் அங்கே ஜான் எவர்ஷெட் 1909-இல், புள்ளிகளிலிருந்து வாயு வெளிநோக்கி ஓடுவதைக் கோடுகளின் சிறு நகர்வை வைத்தே கண்டுபிடித்தார். பயிருக்காகப் புள்ளிகளைப் பார்த்தவர்களின் கருவியில், ஒரு நூற்றாண்டு கழித்துப் பயிருக்கு உதவப்போகும் கோடுகள் அப்போதே விழுந்துகொண்டிருந்தன.

தஞ்சாவூரில் இரண்டு ஏக்கரில் குறுவை போட்டவருக்கு இதனால் என்ன? இன்றைக்கு நேரடியாக ஒன்றுமில்லை. 2014-இல் ஏவப்பட்ட நாசாவின் ஓசிஓ-2 பார்க்கும் ஒரு புள்ளி தரையில் 1.3 கிலோமீட்டருக்கு 2.25 கிலோமீட்டர், ஏக்கரில் 720-க்கு மேல். அவருடைய நெல், பக்கத்து வாழை, வாய்க்கால், சாலை, தெரு எல்லாம் ஒரே எண்ணாகக் குழைந்துவிடும். ஒளிர்வை அளப்பதற்கென்றே ஐரோப்பிய விண்வெளி முகமை 2015-இல் தேர்ந்தெடுத்த ஃப்ளெக்ஸ் செயற்கைக்கோளின் புள்ளி 300 மீட்டர் சதுரம். அதுவும் 22 ஏக்கர். ஒரு தாலுகாவின் வறட்சியை முன்கூட்டி அறிய இது போதும், ஒரு வயலுக்குப் போதாது.

வயலுக்கு இன்னும் கவுட்ஸ்கியின் வழிதான். ஆராய்ச்சியாளர்கள் கையடக்கக் கருவியோடு போய் இலையில் ஒளிபுகாத கிளிப்பை மாட்டுகிறார்கள். பிறகு ஒரு நொடி பளீரென்று ஒளி. ஒளிர்வின் உச்சத்தில் அந்த எகிறல் எவ்வளவு பங்கு என்று அளக்கும் கருவி, நலமான இலையென்றால் 0.83-ஐ ஒட்டிக் காட்டும், துன்பப்படும் இலையில் எண் இறங்கும். அதற்கு முன், அந்த இலைக்கு மட்டும் நடுப்பகலில் ஓர் இரவு உண்டாக்க, வரப்பில் இருபது நிமிடம் குந்தியிருக்க வேண்டும்.