பஸ் ஏறி வர முடியாத குழந்தைக்கு

பென்னாகரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு அம்மாவிடம், "ஏன் ரெண்டு மாசமா பையனைக் கூட்டிட்டு வரலை?" என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன். இயன்முறை மருத்துவராக எனக்கு அது இரண்டாவது வருஷம். அவர் கோபப்படவில்லை, கணக்குச் சொன்னார்.

"ஏழு மணி பஸ்ஸை விட்டா அடுத்தது பதினொண்ணு மேடம். பென்னாகரத்துல இறங்கி தருமபுரிக்கு வேற வண்டி பிடிக்கணும். இவன் இப்ப பதினெட்டுக் கிலோ. தூக்கி ஏத்துறதுக்குள்ள விசில் அடிச்சிடுறாங்க. நீங்க அரைமணி நேரம் பயிற்சி குடுக்கறீங்க. வீடு திரும்ப நாலு மணி ஆயிடுது. அன்னிக்குக் கூலி போச்சு. சின்னவளை யாரு பாத்துக்குவா?"

பையனுக்கு வயது ஏழு. மூளை பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி); ரிப்போர்ட்டில் சி.பி. என்று எழுதியிருப்பார்கள். சிகிச்சைக்கு நாங்கள் ஒரு ரூபாய் வாங்குவதில்லை. டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது. ஆனாலும் அந்த அரைமணி நேரத்துக்கு அவர் கொடுத்த விலை ஒரு முழு நாள். வராத குழந்தைகளின் பெயருக்கு நேரே ரெஜிஸ்டரில் 'பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை' என்று எழுதும் பழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இந்தக் கணக்கு நேராக உடம்பில் தெரியும். சி.பி. குழந்தையின் தசை இறுக்கமாக இருக்கும். எலும்பு வளரும் வேகத்துக்கு அந்தத் தசை நீளாது. நீட்டிவிடாமல் விட்டால் குதிகால் மேலே தூக்கிக்கொள்ளும், முட்டி மடங்கியே நின்றுவிடும், இடுப்பு மூட்டு மெல்ல நழுவத் தொடங்கும். மூன்று வயதில் தினமும் கொஞ்ச நேரப் பயிற்சியால் ஓரளவு தடுக்கக்கூடியது, பத்து வயதில் அறுவை சிகிச்சையில் போய் நிற்கும்.

சீக்கிரம் வரவேண்டியவர்கள் தாமதிப்பதற்கு நான் அதிகம் கேட்கும் காரணம், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாரு." இருக்கலாம். ஆனால் நாலைந்து மாதத்தில் கழுத்து நிற்கவில்லை, ஒன்பது மாதத்தில் தானாக உட்காரவில்லை, ஒரு வயதாகியும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒரு கையை மட்டும் நீட்டி இன்னொன்றை மடக்கியே வைத்திருக்கிறது என்றால் அப்பா கதையை ஓரமாக வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பிறந்ததும் அழாத குழந்தை, குறைமாதக் குழந்தை, மஞ்சள் காமாலை முற்றிப்போன குழந்தை என்றால் இன்னும் உஷாராக இருக்கவேண்டும்.

எங்கே போவது? 2013-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ், பிறந்ததிலிருந்து 18 வயதுவரை உள்ளவர்களைப் பரிசோதிக்க மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வருகின்றன. அவர்கள் அனுப்பிவைக்கும் மையம் மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனையில் இருக்கும். முழுப் பெயர் வாயில் நுழையாது, டி.இ.ஐ.சி. என்று கேட்டால் காட்டுவார்கள். பள்ளி வயதுக் குழந்தைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையம். நேரில் வரவே முடியாத குழந்தைக்குச் சிறப்பாசிரியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வரும் ஏற்பாடு அங்கே உண்டு. கேட்டு வாங்கவேண்டும், கேட்காத வீட்டுக்கு யாரும் வருவதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்குத் தெரபி தரும் அரசின் 'விழுதுகள்' மையங்களும் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. தென்காசிப் பக்கம் ஆய்க்குடி அமர் சேவா சங்கம் இதே வேலையைக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோகிறது. சி.பி., ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு 'நிராமயா' மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கும்.

இன்னொரு விஷயம். "கார்டு இன்னும் வரலை மேடம், வந்ததும் ஆரம்பிக்கலாம்" என்பார்கள். அடையாள அட்டை உதவித்தொகைக்கும் பஸ் சலுகைக்கும் வேண்டும். மாதம் 2,000 ரூபாய் சும்மா வருகிற பணமா, கட்டாயம் விண்ணப்பியுங்கள். ஆனால் தசைக்கு அட்டை தெரியாது. பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

அந்தப் பையன் வீட்டுக்கு நானே போனேன். போன நேரம் அம்மா அவனை மடியில் மல்லாக்கப் படுக்கவைத்து ரசம் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வாய்க்கு ஒருமுறை புரையேறியது. அடிக்கடி சளி, அடிக்கடி காய்ச்சல் என்று அவர் சொல்லிவந்ததற்குப் பாதிக் காரணம் கண்ணெதிரே இருந்தது. சாதம் போகிற வழியில் கொஞ்சம் நுரையீரலுக்கும் போய்க்கொண்டிருந்தது. என் சென்டரில் இதை எப்படிப் பார்த்திருப்பேன்?

இரண்டு சுவர் சேரும் மூலையில் அவனை உட்காரவைத்தோம். தொடைகள் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளாமல் இருக்க, பழைய புடவையைச் சுருட்டி நடுவே வைத்தோம். முகவாய் லேசாகக் கீழே பார்க்க, எதிரே உட்கார்ந்து சின்னக் கரண்டியில் ஊட்டச் சொன்னேன். புரை உடனே நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. குளிப்பாட்டும்போது வெந்நீரில் இளகிய காலை, முட்டியை நீட்டிப் பிடித்து, பாதத்தை மேல்நோக்கி மெதுவாக மடக்கி முப்பது எண்ணும்வரை வைத்திருக்கச் சொன்னேன். தனியாக நேரம் ஒதுக்கச் சொன்னால் நடக்காது. குளியல் எப்படியும் நடக்கும். பாதத்தை நேராகப் பிடித்துவைக்கும் ஸ்ப்ளின்ட் ஒன்று பரணில் கிடந்தது. முகாமில் அளவெடுத்துக் கொடுத்தது. கைக்கு வருவதற்குள் பாதம் வளர்ந்துவிட்டதாம்.

வாரம் ஒருமுறை போகிறேன் என்று எழுத ஆசைதான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். என் வட்டாரத்துக்கு நான் ஒருத்திதான். இடைப்பட்ட வாரம் வாட்ஸ்அப்பில் வீடியோ வரும். போன வாரம் வந்ததில் அவனை நாற்காலியில் உட்காரவைத்து, தங்கை ஊட்டிக்கொண்டிருந்தாள். முதுகு நேராக இருந்தது, கால் மட்டும் அந்தரத்தில் தொங்கியது. காலுக்கடியில் இரண்டு செங்கல் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.