புயல் கொண்டுவந்த ஆலா

புயல் கடலூர் பக்கம் கரையைக் கடந்த மறுநாள். தூறல் விடவில்லை. வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டே சென்னையை அடுத்த கேளம்பாக்கம் உப்பளத்துக்குக் கிளம்பினேன். பைனாகுலரில் ஆவி படிந்துகொண்டே இருந்தது; கைக்குட்டையும் நனைந்துபோக, கடைசியில் பனியன் ஓரத்தால் துடைத்தேன். வரப்பில் உள்ளான் என்கிற சிறு கரைப்பறவைகள் எல்லாம் காற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. முதுகைக் காட்டினால் இறகு தூக்கிக்கொள்ளும், குளிர் உள்ளே போய்விடும்.

அவற்றிலிருந்து சற்றுத் தள்ளி ஒன்று. மேலே கறுப்பு, கீழே வெள்ளை, நெற்றியில் கண்வரை வந்து நின்றுவிடும் வெள்ளைப் பட்டை. சூட்டி டெர்ன் என்கிற ஆலா. நடுக்கடல் பறவைக்கு உப்பளத்தில் என்ன வேலை?

பெரும்பாலான நீர்ப்பறவைகள் வாலடியில் உள்ள சுரப்பியிலிருந்து எண்ணெயை அலகால் எடுத்து இறகில் பூசிக்கொள்ளும். இறகின் இழைகளும் கொக்கி போட்டதுபோல ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டிருக்கும். அதனால் தண்ணீர் உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டுவிடும். இந்த ஆலாவுக்கு அந்தக் காப்பு குறைவு. கடலில் உட்கார்ந்தால் ஊறிப்போகும். அதனால் கூட்டை விட்டுக் கிளம்பிய குஞ்சு, முட்டையிடத் திரும்பும்வரை சில ஆண்டுகள் பெரும்பாலும் வானத்திலேயே காலம் தள்ளுகிறது. தூக்கம்கூட அங்கேதான். சாப்பாட்டுக்குச் சூரை மீன் கூட்டம் உதவும்: அது கீழிருந்து துரத்த, மேலே துள்ளும் சிறு மீன்களை இது பறந்தபடியே கொத்திக்கொள்ளும்.

புயலில் இந்த ஏற்பாடு மொத்தமும் குலைந்துவிடுகிறது. கொந்தளிக்கும் கடலில் மீன் கண்ணில் படாது. இறங்கி ஓய்வெடுக்கவும் முடியாது. பறவையின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். காற்று 62-ஐத் தொட்டால்தான் வானிலைத் துறை அதைப் புயல் என்றே சொல்லும். எதிர்த்துப் பறந்தாலும் பின்னால்தான் போகும்.

சரி, எங்கே போய்த் தேடுவது? நம் பக்கத்துப் புயல்கள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. மேற்கு நோக்கி வரும் புயல் கடலூரில் கரையேறினால், அதற்கு வடக்கே காற்று கடலிலிருந்து நிலத்துக்கு அடிக்கும். தெற்கே நிலத்திலிருந்து கடலுக்கு. ஆகவே கடற்பறவைகள் வந்து விழ வாய்ப்பு அதிகம் வடக்கில்தான். நான் நாகப்பட்டினம் போகாமல் கேளம்பாக்கம் போனதற்கு இதுதான் கணக்கு. (பக்கத்தில் இருக்கிறது என்பதும் ஒரு காரணம்.)

இப்படி விழுந்து கிடப்பதைக் கண்டால் பரிதாபப்பட்டு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில், இருட்டில், காய்ந்த துணிமேல் வைத்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். என் ஆலாவுக்கு அது தேவைப்படவில்லை. பதினோரு மணிவாக்கில் தூறல் நின்றதும் இறகை நாலைந்து முறை உதறியது, எழுந்தது, உப்பளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கோவளம் பக்கமாகப் போய்விட்டது. எடுத்த ஒன்பது படங்களிலும் லென்ஸில் இருந்த தண்ணீர்தான் தெளிவாக விழுந்திருக்கிறது.